சமையற்காரி ஒருத்தியும்

ஜூலை 3

குட்டி,

நலமா? இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் அடக்கத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீ சொன்ன வார்த்தை அப்படி. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. எழுதினால் வரி ஒழுங்காக வராது. என் எழுத்து ஏற்கெனவே கோணல்.

உன் கார்டு வந்தது. "புத்தகங்கள் என்னுடையவை, அனுப்பவும்" என்று எழுதியிருந்தாய். நலமா என்றுகூட இல்லை. போகட்டும். உன்னுடையவைதான், இல்லை என்று யார் சொன்னது? 'ஆறாம் மடத்து வாள்' ஐந்து பாகமும் கட்டில் தலைமாட்டில் அப்படியே இருக்கின்றன. அனுப்புகிறேன். படித்து முடித்துவிட்டு அனுப்புகிறேன்.

இவளாவது படிப்பதாவது என்று சிரிக்காதே. இதுவரை நான் படிக்கவில்லை, கேட்டேன். உன் அண்ணன் லிப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, அடுப்படிக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொள்வார். சலவைக்கூடத்திலிருந்து நான் கொண்டு வந்த கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருப்பேன். அவர் படிப்பார். நடுவில் நான் ஏதாவது சொல்வேன். அதற்கு அவர் ஏதாவது சொல்வார்.

"மலைக்கு மலை தாவுறானே, முட்டி வலிக்காதா இவனுக்கு?"

"அவனுக்கு உள்சக்தி இருக்குடி."

"அதுல கொஞ்சம் உங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது."

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

கதையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், சண்டை அதிகம். ஒருவன் செத்தால் அவன் தம்பி வருகிறான், தம்பி செத்தால் குரு வருகிறார், குருவும் செத்தால் குருவுக்கு ஒரு குரு வருகிறார். வாளுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மடத்தில் சமைக்கிற கரண்டியம்மா வருகிற இடமெல்லாம் அருமை. அவளுக்காகத்தான் நான் கேட்டதே.

அவர் கடைசியாகப் படித்த இடம் இது. எதிரிகள் மடத்தைப் பிடித்து வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள். கரண்டியம்மா வெளியே மாட்டிக்கொண்டாள். பனி கொட்டுகிறது. இடுப்பில் சூப் பானை. கதவைத் தட்டி, "திறங்கடா, உள்ள எம் பசங்க பசியோட இருக்குதுங்க" என்கிறாள். அதோடு புத்தகத்தை மூடி, "மிச்சம் நாளைக்கு" என்றார். நான், "இப்ப போய் நிறுத்துறீங்களே, மனுசனா நீங்க?" என்றேன். மறுநாள் வேலைக்குப் போன கட்டடத்தில், மொட்டைமாடி மோட்டார் அறையில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் அடையாளம் வைத்த பக்கம் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பனியும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு பேர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு கொல்லனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்னும் பின்னும் விரல் வைத்துத் தேடிவிட்டேன். நீ எல்லாவற்றையும் படித்தவள். என்ன நடக்கிறது என்று சொல்லாதே. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்.

அண்ணி


ஜூலை 12

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

'ஆறாம் மடத்து வாள்' நாவலை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். கரண்டியம்மா என்று அதில் யாரும் கிடையாது. மடத்தின் கதவு சாத்தப்படுவது நான்காம் பாகத்தில். அப்போது வெளியே நிற்பவன் கதாநாயகன் மௌனவாள். அவன் கையில் சூப் பானை இல்லை. டிவி தொடர் ஏதாவது கேட்டுக் குழப்பிக்கொள்கிறீர்களோ? எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது வரி மாறியிருக்கலாம்.

சண்டை அதிகம் என்கிறீர்கள். அது வெறும் சண்டை இல்லை, அண்ணி. கொடுத்த வாக்கை ஒருவன் எவ்வளவு தூரம் சுமப்பான் என்பதுதான் கதை. ஐந்தாம் பாகத்தில் மௌனவாள் தன் குருவுக்கு எதிரே நின்று வாளை உருவாமல் திரும்பி நடப்பானே, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் வேலைக்கே போகவில்லை. பல் செட் செய்கிற கூடத்தில் இதை யாரிடம் சொல்வது? எங்களுக்கு வருவது வாய் அச்சும் அதில் ஒட்டிய ஒரு எண்ணும்தான். யாருடைய வாய் என்றுகூடத் தெரியாது. மெழுகில் பல் வரிசை வைத்து அனுப்பிவிடுவோம். பக்கத்து மேசைக்காரி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்வாள்.

புத்தகங்களை அனுப்பி வையுங்கள். நனையாமல் கட்டவும்.

குட்டி


ஜூலை 20

குட்டி,

எழுத்துக்கூட்டிப் படிப்பவள்தான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த வாரத்திலேயே அதை நீ சொல்லிக் காட்டினாய், இப்போது மறுபடியும். ஆனால் எழுத்துக்கூட்டுகிறவள் ஒரு எழுத்தைக்கூட விட முடியாது. உன் மாதிரி கண்ணால் வழித்துக்கொண்டு போக எனக்கு வராது.

உன் கடிதம் வந்த பிறகு முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் பாகம் அவர் படித்தது போலவே இருந்தது. இரண்டாம் பாகத்தில் பாதி தாண்டி, மடத்தை முதல் தடவை முற்றுகை போடுகிற இடத்தில், இப்படி ஒரு வரி வருகிறது. நான் பார்த்து எழுதுகிறேன்: "அம்பு மழையில் வடவாசல் காவலர் அனைவரும், சமையற்காரி ஒருத்தியும் மாண்டனர்."

அவ்வளவுதான். பேர்கூட இல்லை. வரியில் பாதிதான் அவளுக்கு. அடுத்த வரியில் மௌனவாளின் வாளுறையில் பதித்த கல்லைப் பற்றி ஆரம்பித்து ஒரு பக்கம் போகிறது. நாள் தவறாமல் மடத்துக்கே பொங்கிப் போட்டவளுக்குப் பாதி வரி, கல்லுக்கு ஒரு பக்கம். உன் நாவலைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். எழுதினவரைப் பார்த்தால் சொல்லு.

அந்த வரியை அவர் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் அவர் படித்தது வேறு. "அம்பு பறந்து வருது. கரண்டியம்மா பெரிய வாணலியத் தூக்கித் தலைமேல கவுத்துக்கிட்டா. டங்கு டங்குனு விழுது" என்று படித்தார். நான் ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் வராத நாளே இல்லை. சத்தம் இல்லாமல் நடக்கிற கொலைகாரன் அடுப்படிக்குள் வந்தபோது, அவள் காயவைத்திருந்த பட்டாணியில் கால் வைத்து மல்லாந்து விழுந்தான். வெள்ளை அங்கியில் ரத்தத்தோடு வந்த வீரர்களை வாசலிலேயே நிறுத்தி, "வெட்டிக்கிறது நீங்க, தொவைக்கிறது யாரு, உங்க குருவா?" என்று விரட்டினாள்.

அது நான் சொன்னது, குட்டி. அதற்கு இரண்டு நாள் முன்னால் தைத்துக்கொண்டே நான் சொன்னது. அவர் அதைப் படித்தபோது நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஏங்க, இந்த ஆளுக்கு நம்ம வீட்டுப் பேச்செல்லாம் எப்படிங்க தெரியுது?" என்றேன். அவர் புத்தகத்திலிருந்து முகத்தை எடுக்காமல், "நல்ல எழுத்தாளர்னா அப்படித்தான்டி" என்றார்.

அதை நம்பி நான் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய நாவலாம், அதில் ஒருத்தி அச்சாக நான் பேசுவது போலவே பேசுகிறாள் என்று. கரண்டியம்மாவுக்கு முட்டி வலி என்று அவர் படித்தபோது, பார்த்தியா அவளுக்கும் என்று எல்லாருக்கும் காட்டினேன். அங்கே என் பேரே இப்போது கரண்டியம்மா.

இவளுக்குப் படிக்கத் தெரியாது, என்ன சொன்னாலும் தலையாட்டுவாள் என்று தினம் தினம் என்னை வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். புத்தகத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. நீங்கள் அண்ணனும் தங்கையும் போனில் பேசிச் சிரித்தீர்களா? அதை மட்டும் சொல். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவர் சட்டையெல்லாம் ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்து அழுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால், "மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சும் வேலைக்கு அனுப்பியிருக்கீங்களே அண்ணி" என்றாய். அதை எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதியாயிற்று.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் கடத்திவிட்டேன்.

நாங்கள் சிரிக்கவில்லை. அண்ணன் உங்களைக் கேலி செய்யவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அவன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். கரண்டியம்மா கதையை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வான். முதல் கடிதத்தில் உங்களைச் சோதிக்கத்தான் அப்படி யாரும் இல்லை என்று எழுதினேன். "அண்ணிக்குப் பிடிக்கும்னு சேத்துக்கிட்டேன்" என்று சொன்னான். மிச்சக் கதையையும் சொன்னான். அதை எழுதுகிறேன்.

கதவு திறக்கவில்லை. கரண்டியம்மா பானையைக் கீழே வைத்தாள். கண்களை மூடி மூச்சை அடக்கினாள். இத்தனை வருடம் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே ஆறாம் மடத்தின் வாள் வித்தை முழுவதையும் அவள் கற்றிருந்தாள்! கரண்டியை உயர்த்தி ஒரே வீச்சு. இரும்புக் கதவு இரண்டாகப் பிளந்தது. எதிரிகள் மண்டியிட்டு, "தாயே, தங்கள் குரு யார்?" என்று கேட்டார்கள். "பசியே என் குரு" என்றாள்.

இத்துடன் கதை முடிந்தது என்று சொன்னான். நீங்கள் நிம்மதியாக இருங்கள். சரியாகச் சாப்பிடுங்கள்.

குட்டி


ஆகஸ்ட் 9

குட்டி,

"பசியே என் குரு" என்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் தடவை. பக்கத்து வீட்டில் இருப்பவள் சுவரைத் தட்டி, "என்னக்கா, எதாவது ஆச்சா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல உனக்கு வரவில்லை. உன் அண்ணனுக்கு வந்தது. அவர் பொய்யில் ஒரு ஒழுங்கு இருந்தது. கரண்டியம்மாவுக்கு எந்த வித்தையும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் அவளை விரும்பியிருக்கவே மாட்டேன். நிலைப்படி தாண்டவே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவள் கதவைப் பிளக்கிறாளாம். அதுவும் பானையைப் பனியில் வைத்துவிட்டு! சூப் ஆறிப் போகாதா? அவள் செத்தாலும் பானையைக் கீழே வைக்க மாட்டாள்.

எனக்காகத்தான் எழுதினாய் என்று புரிகிறது. கோபம் இல்லை. ஆனால் அவர் சிரித்தாரா என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. உனக்கும் தெரியாது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. தெரிந்த ஒரே ஆள் சொல்லாமல் போய்விட்டார்.

முதல் பாகத்தைத் தவிர மீதியெல்லாம் அடுத்த வாரம் பார்சலில் வரும். வீட்டில் என்னால் படிக்க முடியவில்லை. வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரியும். வாய்விட்டுப் படித்தால் காலி வீட்டில் என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்கிறது. நடுவில் நிறுத்திவிட்டு அவர் உட்காருகிற கதவைப் பார்க்கிறேன். அதனால் முதல் பாகத்தைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். அங்கே டீ நேரத்தில் கேட்கிறார்கள். கரண்டியம்மா எப்ப வருவா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணி,

பார்சல் வந்தது. நனையவில்லை. விரிப்புத் துணியில் சுற்றி மூட்டி அடித்து அனுப்பியிருந்தீர்கள். தையலைப் பிரிக்கவே மனம் வரவில்லை.

ஆமாம், பொய்தான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், அது உண்மை. "சாப்டியா?" என்பான். "சாப்டேன்" என்பேன். "ரூம்ல தண்ணி வருதா?" என்பான். முடிந்தது. அந்தப் புத்தகங்களை நான் அவனுக்குக் கொடுத்ததே, படித்துவிட்டு என்னோடு பேசுவான் என்றுதான். எனக்குப் பிடித்ததை இன்னொருவர் படித்து, இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை என்று சண்டை போட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஒவ்வொரு வாரமும், "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா இருக்கு" என்பான். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் உட்கார்ந்து இத்தனை பேசியிருக்கிறான். எனக்கு ஒரு வாணலிகூடக் கிடைக்கவில்லை.

பார்சல் வந்த அன்று இரண்டாம் பாகத்தை எடுத்து அந்த வரியைத் தேடினேன். இருக்கிறது. மூன்று தடவை படித்தும் என் கண்ணில் அவள் படவே இல்லை, அண்ணி. கல் பதித்த உறை எனக்கு மனப்பாடம்.

அடக்கத்தன்று நான் சொன்னது தவறு. அவனுக்கு மூச்சு வாங்கும் என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் யாரோ சொல்லக் கேட்டேன். தங்கைக்குத் தெரியாதது ஊருக்கே தெரிந்திருக்கிறதே என்ற ஆத்திரத்தில் உங்கள் மேல் பாய்ந்துவிட்டேன். எல்லாருக்கும் முன்னால் சொன்னதை எல்லாருக்கும் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன். பெரிய மாமா மட்டும், "குடும்ப விஷயத்தை ஏம்மா கார்டுல எழுதுற, தபால்காரன் படிச்சிட்டான்" என்று போன் செய்தார்.

அவன் சிரித்தானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக இனிமேல் எழுத மாட்டேன்.

உங்களால் முடிந்தபோது ஒன்று செய்யுங்கள். கரண்டியம்மாவை எனக்கு எழுதுங்கள். அவன் சொன்னது சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாக. நான் அவளைப் படிக்கவில்லை.

குட்டி


செப்டம்பர் 4

அன்புள்ள குட்டி,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பெரிய மாமா எனக்கும் போன் செய்தார். "அது எதுக்கு அப்படிக் கார்டு போட்டுச்சு?" என்றார். "அவ அப்படித்தான், மாமா, எதையும் பாதியில விட மாட்டா" என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். மனசு லேசாக இருந்தது என்று எழுதத் தெரிகிறது, ஆனால் அது லேசு இல்லை. இறுக்கி முறுக்கிய துணியை உதறின மாதிரி என்று வைத்துக்கொள்.

இப்போது ஒரு விஷயம் நடந்தது. அதை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை மெஷின் உண்டு. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இரண்டு பேர் அதற்குள் விட வேண்டும். என் எதிர்முனையைப் பிடிப்பவளை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஒரு தம்பி. குடிப்பான். வீட்டில் சண்டை போட்டுவிட்டு எங்கோ போனவன், இருக்கிறானா இல்லையா என்று தகவலே கிடையாது. அவனைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். முதல் பாகத்தில் ஒரு படகோட்டி வருகிறானே, குடித்துவிட்டு, ஏறுகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே அக்கரை சேர்ப்பவன், அவன் வந்த நாளிலிருந்து நெட்டை என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். "அப்படியே எங்க தம்பிதான்க்கா. வாயி மட்டும்தான். உள்ள ஒண்ணும் கெடையாது அவனுக்கு" என்பாள். வேறு யாராவது நடுவில் பேசினால், "சும்மா இருங்கடி, அவன் வர்றான்" என்று அடக்குவாள்.

போன வியாழக்கிழமை டீ நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நான் மெதுவாகப் படிப்பவள். வாய் ஒரு வார்த்தையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய் உளவு பார்த்துவிட்டு வந்துவிடும். படகில் ஏறினவன் எதிரி என்று தெரிந்துவிட்டது. படகோட்டி துடுப்பை ஓங்குகிறான். என் வாய் "ஓங்கினான்" என்கிற வார்த்தையில் இருந்தது. கண் கீழே போய்விட்டது. "வாள் அவன் நெஞ்சில் இறங்கியது. ஆறு அவனை வாங்கிக்கொண்டது."

இந்த வரியை உன் அண்ணன் படித்து நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அப்போது "பாவம்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். அவர் அதை மாற்றவில்லை. எனக்கு அந்தப் படகோட்டி யாரோ ஒருவன்தானே. தெரிந்த வரிதான், தெரிந்தேதான் அதற்குப் பக்கத்தில் வந்தேன். ஆனால் வந்த பிறகு நிமிர்ந்து பார்த்துத் தொலைத்துவிட்டேன். நெட்டை டீ கிளாஸைப் பாதி வழியில் பிடித்தபடி, குடிக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடுப்ப ஓங்கினான். படகு கவுந்துருச்சு" என்று சொன்னேன். "ஆனா அவன் ஆத்துலயே பொறந்து வளந்தவன். அவனுக்கு நீந்தத் தெரியாதா?"

"அதான பாத்தேன்!" என்று நெட்டை தொடையில் தட்டினாள். டீ சிந்தியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, இல்லாத வரியில் விரலை ஓட்டி, அவன் நீந்துவதைப் படித்தேன். மேஸ்திரி மணி அடித்துக் காப்பாற்றினார்.

அந்த நேரத்தில் எனக்கு அவளைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை, குட்டி. ஏமாற்றுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகவே படிக்கத் தெரியும், எட்டாவது வரை போனவள். அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. எதிரே ஒரு முகம் இருந்தது, அந்த முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். யோசித்துச் செய்ததில்லை.

பிறகு விரிப்பின் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு அவள் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் என் முனையில் உன் அண்ணனை நினைத்துக்கொண்டு நின்றேன். வாணலியைக் கவிழ்த்த அன்றைக்கு அவர் புத்தகத்தை முகத்துக்கு ரொம்பக் கிட்டே பிடித்திருந்தார். கண் மங்குகிறது, கண்ணாடி போட வேண்டும் என்று நான் அப்போது திட்டினேன்.

அவர் சிரித்தாரா என்று இனிமேல் உன்னிடம் கேட்க மாட்டேன்.

கரண்டியம்மா கதையைத் தனித் தாளில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். வாணலி வரைக்கும் இதோடு வைத்திருக்கிறேன். பிழையெல்லாம் இருக்கும், திருத்திக்கொள். கடைசியில் அவள் பனியில் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்பாள். அதற்கு மேல் நான் தொடப் போவதில்லை. அவள் அவருடைய ஆள்.

ஆனால் படகோட்டி இப்போது என் தலையில் விழுந்துவிட்டான். முதல் நாள் நீந்தினான். மறுநாள் மேஸ்திரி லீவு, ஆள் குறைவு, டீயே இல்லை, தப்பித்தேன். அடுத்த நாள் ஒரு நாணல் புதரைப் பிடித்துக் கரை ஏறினான். "அப்புறம்?" என்றாள் நெட்டை. "மயக்கமாயிட்டான்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுநாளைக்கு அது சாப்பாடு கேட்கும் என்று எனக்குத் தெரியாது. இவர் எப்படி இத்தனை நாள் சமாளித்தார்? பகலெல்லாம் கிணறு மாதிரி இருக்கிற லிப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர். அங்கே தொங்கிக்கொண்டேதான் யோசித்திருப்பார் போல.

நேற்று வேலை விட்டு வந்து, விளக்கைப் போட்டு, அடுப்படிக் கதவைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். "ஏங்க, மறுநாளைக்கு என்னங்க செய்வீங்க?"

அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு ஆளுக்குச் சமைத்தேன். சாப்பிட்டேன்.

படகோட்டி நனைந்தபடி கரையில் கிடக்கிறான். நாளைக்கு டீ நேரத்துக்குள் அவனை எழுப்பியாக வேண்டும்.

அண்ணி